ஆறு நாள் அவகாசம்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குப் பொறுமைதான் முதல் லைசென்ஸ், கையில் இருப்பதெல்லாம் ரெண்டாவது என்று சொல்வார் வேன் மாமா. பதினான்கு பிள்ளைகள், பதினான்கு பைகள், பதினான்கு தண்ணீர் பாட்டில்கள். அதில் தினமும் ஒன்றாவது உருண்டு வந்து அவர் காலடியில் நிற்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. ஆனால் ஒன்பது வருஷமாக அந்தத் தெருக்களில் சின்னவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் அவரை வேன் மாமா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது, வேறு பள்ளிக்குச் சைக்கிளில் போகிறவன். இளையவளுக்கு ஏழு. வாய் ஓயாது என்பதால் அவளுக்குக் குருவி என்று பெயர் விழுந்துவிட்டது. வேனில் முன்சீட்டு அவளுடையது. யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டது.

அந்த வருஷம் பள்ளி திறந்த வாரத்தில், கடைத்தெரு முனையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் தன் மகளைக் கையில் பிடித்தபடி வேன் அருகே வந்து நின்றார். பெண்ணுக்கு எட்டு வயதிருக்கும். முகம் மட்டும் ஊதி, கன்னங்கள் கண்ணை நெருக்கிக்கொண்டிருந்தன. கைகால்கள் குச்சி. வாயையும் மூக்கையும் மூடி நீல முகக்கவசம்.

"அண்ணே, பாப்பா ஒரு வருஷம் ஸ்கூலுக்குப் போகல. இனிமேதான் போறா. உங்க வேன்ல சேர்த்துக்கணும்."

"அதுக்கென்ன தம்பி, தாராளமா."

அவர் தயங்கினார். பிறகு மகளைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே சிறுநீரகம் சரியில்லை. போன வருஷம் மாற்று ஆபரேஷன். கொடுத்தவர் அவரேதான். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைக்கும். முக வீக்கமும் அதனால்தான்.

"வெளிய வர்ற நோய் எதுவும் அவளை அண்டக்கூடாதுண்ணே. இந்தத் தட்டம்மை ஊசி, அது இதெல்லாம் அவளுக்குப் போட முடியாது. அதுல உயிருள்ள கிருமி இருக்காமே. சுத்தி இருக்கற பிள்ளைங்க போட்டிருந்தா அதுதான் இவளுக்கு வேலின்னு டாக்டர் சொல்றாரு. ஜன்னலை மட்டும் திறந்தே வெச்சு ஓட்டுங்க. வேன்ல வர்ற பிள்ளைங்க எல்லாம் ஊசி போட்டவங்கதானே?"

"ஸ்கூல்லயே ஃபாரம் வாங்கிட்டுத்தானே தம்பி சேர்க்கறாங்க."

"உங்க பாப்பா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. என் வீட்டுப் பிள்ளைக்குப் போடாம இருப்பேனா?"

வார்த்தை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பொய் என்று அவருக்கே தோன்றாத வேகத்தில் வந்தது. பள்ளி ஃபாரத்திலும் அப்படித்தான். ஊசிக்கு ஒன்றாக ஏழு கட்டங்கள் இருந்தன. ஏழிலும் நீல மையால் டிக் போட்டிருந்தார். யாரும் சீட்டைக் கொண்டு வா என்று கேட்கவில்லை.

பொய்யென்றால் மனம் கெட்டுச் சொன்ன பொய்யல்ல. பெரியவனுக்கு ஒன்றேகால் வயதில் அந்த ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்து காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் ஏறியதும் வலிப்பு வந்துவிட்டது. இவர் மடியில்தான் கிடந்தான் பிள்ளை. கண் மேலே செருகி, உதடு நீலம் பாரித்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. மூன்று நிமிஷம் என்றார் பிறகு டாக்டர். இவருக்கு அது மூன்று யுகம். காய்ச்சலில் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், மூளைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்றும் அந்த டாக்டர் சொன்னார். சொன்னபடியே பையன் மறுநாள் எழுந்து பொம்மைக்கு அடம் பிடித்தான். ஆனால் சூடுபட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? குருவி பிறந்த பிறகு மனைவி இரண்டு மூன்று முறை கேட்டாள்.

"இவளுக்கு எப்பங்க போடறது?"

"இன்னொரு தடவை அந்தக் கண்ணை என்னால பாக்க முடியாதுடி. விடு."

அவள் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். ஷிஃப்ட் மாறி மாறி வரும். அவளும் விட்டுவிட்டாள். வருஷங்கள் போயின. குருவிக்குச் சளி பிடிப்பதுகூட அபூர்வம். பார்த்தாயா, ஊசி இல்லாமலே கல்லு மாதிரி இருக்கிறாள் என்று அவர் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

புதிய பெண் வேனில் ஏறிய ஒரே வாரத்தில் அவளுக்கும் பெயர் விழுந்தது: ஜட்ஜம்மா. ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெரியவர்கள் பேச்சையே கேட்டு வளர்ந்தவள். வார்த்தை ஒவ்வொன்றும் நிறுத்து அளந்து வரும். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் அவள் இடம். வேனில் சண்டை மூண்டால், யார் பென்சிலை யார் ஒடித்தது, யார் யாரைக் கிள்ளியது என்று எல்லாரும் அவளிடம் முறையிடுவார்கள். அவள் இரு தரப்பையும் கேட்பாள். சாட்சி கேட்பாள். பிறகு முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள்.

"ரெண்டு பேர் மேலயும் தப்பு. ரெண்டு பேருக்கும் மூணு நாள் பின்சீட்."

"ஜட்ஜம்மா, முதல்ல மாஸ்க்கை மேல ஏத்துங்க" என்பார் வேன் மாமா கண்ணாடியில் பார்த்து.

"தீர்ப்பு சரியாக் கேக்கணும்ல மாமா."

அவள் கையில் அப்பா கட்டிவிட்ட சின்ன டிஜிட்டல் வாட்ச். காலை எட்டு மணிக்குப் பீப் பீப் என்று கத்தும். அந்த நேரத்தில் வேன் சரியாக மேம்பாலத்தின் மேல் இருக்கும். பதிமூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் "மாத்திரை!" என்று கூவுவார்கள். அவள் டப்பாவைத் திறந்து, எண்ணி, விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவாள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. குருவிக்கும் அவளுக்கும் உயிர் சிநேகம். முன்சீட்டைக் காலி செய்து குருவி பின்னால் போய் அவளோடு ஒட்டிக்கொண்டாள். ஒட்டிக்கொண்டாலும் குருவிக்குத்தான் அதிகம் தண்டனை கிடைக்கும். நீதி தவறாத ஜட்ஜ்.

மழைக்காலம் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் குருவி கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமிக்கொண்டே எழுந்தாள். உடம்பு லேசாகச் சுட்டது. மனைவிக்குக் காலை ஷிஃப்ட். வீட்டில் வைத்துக்கொள்ள ஆளில்லை. மழையில் நனைந்த சளிதானே என்று ஒரு மாத்திரையைக் கொடுத்து வேனில் ஏற்றிக்கொண்டார். அன்றைக்கு ஊற்றிய மழையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் தெப்பமாகிவிடுவார்கள். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். உள்ளே மூச்சுக்காற்று படிந்து கண்ணாடி வெளுத்தது. பிள்ளைகள் அதில் விரலால் படம் வரைந்தார்கள். குருவி இருமியபடியே ஜட்ஜம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

வியாழக்கிழமை காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கி முகமெல்லாம் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. வெள்ளிக்கிழமை அது வயிற்றுக்கு இறங்கியது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடினார். டாக்டர் பெண்மணி வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தட்டம்மை. ஊசி போட்டீங்களா?"

அங்கே மட்டும் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார்.

டாக்டர் திட்டவில்லை. "நீங்க ஸ்கூல் வேன் ஓட்டறவர்தானே? பாப்பா வேன்ல வந்தாளா? அப்ப எல்லா வீட்டுக்கும் இன்னைக்கே சொல்லிடுங்க. கைக்குழந்தை இருக்கற வீடு, கர்ப்பிணி இருக்கற வீடு, பெரிய வியாதிக்கு மருந்து சாப்பிடறவங்க யாராவது இருந்தா முதல்ல அவங்களுக்கு. நானும் சுகாதார ஆபீசுக்கு எழுதறேன். ஆனா அது போய்ச் சேர்ந்து ஆள் வர நாளாகும். நீங்க சொல்றதுதான் சீக்கிரம். சரியா?"

"சரிங்க டாக்டர்."

அன்று சாயங்காலம் பிள்ளைகளை இறக்கும்போது ஒவ்வொரு வாசலிலும் வாயைத் திறந்தார். ஒவ்வொரு வாசலிலும் "பாப்பாவுக்குக் காய்ச்சல், ரெண்டு நாளா வரல" என்றுதான் வந்தது. தட்டம்மை என்றால் அடுத்த கேள்வி ஊசி. ஊசி என்றால் அடுத்தது ஃபாரம். ஒரு நூலை இழுத்தால் மொத்தத் துணியும் பிரிந்து வந்துவிடும் போலிருந்தது.

சனிக்கிழமை காலையில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வாட்ச் கடைக்குப் போனார். இவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். கடை ஓர் ஆள் அகலம். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம். வாட்ச் கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு பல்சக்கரத்தைக் கிடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தார். மேஜைக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து ஜட்ஜம்மா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான் தம்பி. இந்த வாட்ச் வார் அறுந்துடும் போலிருக்கு."

உண்மையில் வார் நன்றாகத்தான் இருந்தது. ஜட்ஜம்மா தலையை நிமிர்த்தினாள்.

"மாமா, குருவி ஏன் வரல?"

"காய்ச்சல்மா."

"என்ன காய்ச்சல்?"

"சும்மா... சளிக் காய்ச்சல்."

"ஜட்ஜுகிட்ட உண்மையைச் சொல்லணும். லீவு போடறதுக்கு நடிக்கறாளா?"

அவள் அப்பா சிரித்தார். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் வெகுநேரம் ஒட்டிக்கொண்டு நின்றது. துடைத்தெடுக்கத் தெரியவில்லை.

"அவ வந்ததும் சொல்லுங்க மாமா, பின்சீட் தண்டனை இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு. மழையில எல்லாம் தள்ளுபடி ஆகாது."

"சொல்றேன்மா."

வாட்ச் கடைக்காரர் புது வாரைப் போட்டு அவர் கையில் கட்டிப் பார்த்தார். "ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கேன். கை இளைச்சுருக்கே, என்னண்ணே?"

வார்த்தை தொண்டைவரை வந்தது.  பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள், முகக்கவசம் போட்டிருந்தாளே, ஒன்றும் ஆகாது என்று மனம் ஒரு பக்கம் தட்டிக்கொடுத்தது. இவ்வளவு நல்ல மனுஷனிடம் நான் பொய்யன் என்று எப்படி ஆரம்பிப்பது என்று இன்னொரு பக்கம் இழுத்தது. "வர்றேன் தம்பி" என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் குருவிக்கு மூச்சு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. ஐந்து நாள் ஆக்சிஜன். இடது காதில் சீழ் வடிந்தது. மனைவி வேலைக்குப் போகாமல் கட்டிலுக்குக் கீழே பாயில் கிடந்தாள். கண்ணில் ஒட்டிய பீளையை ஈரத் துணியால் துடைத்தபடியே ஒருநாள் அவள் சொன்னாள்:

"பெரியவன் இவகூட ஒரே பாய்லதான் படுத்தான். ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சான். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரல பாத்தீங்களா?"

பார்த்தார். எந்த ஊசியை அவர் பத்து வருஷமாகச் சபித்துக்கொண்டிருந்தாரோ அது அந்தப் பையன் உடம்பில் சத்தமில்லாமல் காவல் நின்றிருந்தது. 

குருவி வீடு திரும்பிய அதே வாரத்தில், ஒருநாள் ஜட்ஜம்மா வேனுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காய்ச்சல் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். அன்றைக்கு மேம்பாலத்தின் மேல் எட்டு மணி ஆனபோது வேனுக்குள் யாரும் பேசவில்லை. ஒரு சின்னப் பையன் மட்டும் "மாத்திரை" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

சுகாதார ஆபீஸிலிருந்து நர்ஸ் ஒருத்தி வந்தாள். பள்ளிக்கூட வாசலில், வேன்கள் நிற்கும் மரத்தடியில், ஒரு நீள நோட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு டிரைவரையும் விசாரித்துக்கொண்டு வந்தாள். மத்திம வயது. குடை பிடித்துப் பிடித்து ஒரு தோள் சாய்ந்திருந்தது.

"உங்க பொண்ணுக்குத் தடிப்பு என்னைக்கு வந்தது?"

"வியாழக்கிழமை."

"காய்ச்சல்?"

"அதுக்கு முன்னாடி திங்கட்கிழமை."

"அந்த மூணு நாளும் வேன்ல வந்தாளா?"

"வந்தாம்மா."

"அந்தப் பொண்ணு பக்கத்துலயா உக்காந்தா?"

"தோள்லயே சாஞ்சு கிடந்தாம்மா."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள். வாட்ச் கடைக்காரர் மகளுக்கு வந்திருப்பதும் தட்டம்மைதான் என்றாள். முதலில் யாருக்கும் பிடிபடவில்லையாம், ஏனென்றால் உடம்பில் தடிப்பே வரவில்லை. தடிப்பு வருவதுகூட உடம்பு எதிர்த்துப் போராடுவதன் அடையாளம்தானாம். அவளுக்குப் போராட உடம்பில் ஒன்றுமில்லை. நேரே நுரையீரலுக்குப் போய்விட்டது.

"அவங்க வீட்டுக்குச் சொன்னீங்களா?"

"சொல்லலை."

"டாக்டர் சொல்லச் சொன்னாரே?"

அவர் வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னு ஒரு மருந்து இருக்கு. எதிர்ப்புச் சக்தியை ரெடியாவே உடம்புல ஏத்தறது. நோய் பட்ட ஆறு நாளுக்குள்ள ஏத்தினா அனேகமாத் தடுத்துடலாம். தடுக்கலைன்னாலும் வேகம் குறையும்." நர்ஸ் விரல் விட்டு எண்ணினாள். அவள் எண்ணித்தான் ஆக வேண்டுமா என்றிருந்தது அவருக்கு. "திங்கள்லேருந்து பாத்தா ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் இருந்திருக்கு."

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு எதிரில், கை எட்டும் தூரத்தில், அவர் உட்கார்ந்திருந்தார். கையில் புது வார்.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீண்ட வராந்தா. சுவரோரம் வரிசையாக இரும்பு நாற்காலிகள். வாட்ச் கடைக்காரர் கடைசி நாற்காலியில் கைகளைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. இவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வாங்கண்ணே. குருவிக்கு எப்படி இருக்கு? அவளும் ஆஸ்பத்திரியில இருந்தாளாமே."

அந்தக் கேள்வி அவரை உடைத்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஃபாரம், டிக், வலிப்பு, திங்கட்கிழமை, டாக்டர் சொன்னது, சனிக்கிழமை. முன்னுக்குப் பின்னாய், திக்கித் திணறி, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னார். 

அடிப்பார் என்று நினைத்தார். அடித்தால் தேவலை என்றிருந்தது. வாட்ச் கடைக்காரர் அவர் கையையே பார்த்தார்.

"வார் மாத்த வந்தீங்களே, அன்னைக்கா?"

"ஆமா தம்பி."

"நான் கடையைப் பூட்டிட்டு அப்படியே தூக்கிட்டு வந்திருப்பேனே அண்ணே. அரை மணி நேரம்தானே இந்த ஆஸ்பத்திரி."

குரல் உயரவே இல்லை. இடுப்புக்கு மேலே, சட்டைக்கு உள்ளே தழும்பு இருக்கும் இடத்தை அவர் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. "என்னோடது ஒண்ணு உள்ள அவகூடப் படுத்திருக்கு" என்றார். பிறகு, "போயிடுங்க. அவ அம்மா சாப்பிடப் போயிருக்கா. வர்றதுக்குள்ள போயிடுங்க" என்றார்.

நான்காம் நாள் ஜட்ஜம்மா போய்விட்டாள். விடிந்து வெயில் ஏறிய நேரம். வேன் மாமா பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது போன் வந்தது. வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டிவிட்டு, இவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் மற்ற வண்டிகளைச் சுற்றிப் போகச் சொல்லிக் கை காட்டினார். அந்தச் சாவு வீட்டுத் தெருவில் அவரால் நுழைய முடியவில்லை. எதிர் முனையில், மூடிய ஒரு கடையின் ஷட்டர் ஓரமாக நின்று, கூட்டம் நகர்வதைப் பார்த்தார். பெட்டி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அன்று மனைவி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "உங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. நானும்தான் வாயை மூடிட்டு இருந்தேன்" என்றாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாளே குருவியையும் பெரியவனையும் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குருவிக்கு விட்டுப்போன மற்ற ஊசிகள், பெரியவனுக்கு இரண்டாம் தவணை. அதே நர்ஸ்தான் போட்டாள். ஊசி இறங்கும்போது அவருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. ஒரு வாரம் இரண்டு பிள்ளைகளின் நெற்றியையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. குருவியின் இடது காது மட்டும் திரும்பவில்லை. கடிகாரத்தை அந்தப் பக்கம் வைத்தால் டிக் டிக் சத்தம் அவளுக்குக் கேட்பதில்லை.

பிறகு அவர் வேனில் வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தே போய் நடந்ததைச் சொன்னார். யாரும் கேட்டு அல்ல. சிலர் கதவைப் பாதி திறந்தபடி கேட்டார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். ஒரு வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தையோடு நின்ற இளம் தாய், அவர் பேச ஆரம்பித்ததும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, கேட்டு முடிக்காமலே கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் செய்தது சரிதான் என்று படியிறங்கினார். ஓர் அப்பா மட்டும், மீசையைக் கடித்தபடி, "என் பையனுக்கும் போடலைங்க. ஃபாரத்துல நானும் அப்படித்தான்..." என்று இழுத்தார். "நாளைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார் வேன் மாமா. அவர் போனாரா என்பது தெரியாது.

மாதம் முடிவதற்குள் வேன் காலியானது. பள்ளியும் வர வேண்டாம் என்றது. வேனை விற்றுவிட்டு, சிமெண்ட் மூட்டை ஏற்றும் லாரிக்கு டிரைவராகப் போனார். அங்கே பேசுவதற்கு ஆளில்லை. அது அவருக்கு ஒத்துப்போனது.

நாலு மாதம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. வாட்ச் கடைக்காரரின் மனைவி. தையல் கம்பெனியில் பட்டன் வைக்கிற வேலை பார்ப்பவள். அதுவரை இவரோடு நாலு வார்த்தை பேசியதில்லை. இவர் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். 

"உக்கார வரல" என்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"அவ வீட்ல ரொம்பப் பேசமாட்டா. மாத்திரை சாப்பிட்டுப் படுத்துக்குவா. ஸ்கூல்ல டீச்சர்கிட்ட கேட்டேன், அமைதியான பொண்ணுன்னாங்க. வேன்லதான் அவ பேசுவான்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. என்ன பேசுவா?"

அவர் திகைத்துப்போனார்.

"எனக்குத் தெரியணும். எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னார். முதலில் தடுமாறி, பிறகு ஒவ்வொன்றாக. ஒரு நாய்க்குட்டி வேனுக்குக் குறுக்கே வந்தபோது பிள்ளைகள் அலற, அவள் மட்டும் இறங்கிப் போய் அதை ஓரமாய் விட்டுவிட்டு வந்தது. பெரியவளானால் என்ன ஆவாய் என்று ஒரு பையன் கேட்டதற்கு "முதல்ல பெரியவளாகறேன், அப்புறம் யோசிக்கலாம்" என்று அவள் சொன்னது. அப்பாவின் சிறுநீரகம் தன்னிடம் இருப்பதால் அப்பாவுக்குப் பிடித்த படமெல்லாம் தனக்கும் பிடிக்கிறது என்று குருவியிடம் அளந்துவிட்டது. இதைக் கேட்டு அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணி, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் எழுந்தாள்.

"உங்களை மன்னிக்கல. அதுக்காக வந்தேன்னு நெனைச்சுக்காதீங்க."

"தெரியும்மா."

"மறந்தது ஏதாவது ஞாபகம் வந்தா எழுதி வைங்க. மறுபடி வருவேன்."

அவள் போன பிறகுதான் உள்ளறைக் கதவோரம் குருவி நிற்பதைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நல்ல காதைக் கதவுப் பக்கம் வைத்திருந்தாள்.

"அப்பா, நான்தானே அவளுக்குக் குடுத்தேன்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். லாரி ஓட்டிக்கொண்டே எத்தனையோ பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டார். அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"உங்கிட்டேருந்துதான் போச்சும்மா. ஆனா அது உனக்குத் தெரியாது. உனக்கு ஊசி போடாம விட்டது நான். தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நான். அது அப்பா பண்ணது. நீ பண்ணது இல்ல."

அவள் அதை யோசித்தாள்.  பிறகு அழுதாள்.  அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மனைவி ஷிஃப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.  தட்டுகளை எடுத்து வைத்தாள். பெரியவனும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். குருவி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அந்த ஆன்ட்டி மறுபடி வரும்போது நானும் சொல்லட்டுமாப்பா? எனக்கும் நிறைய தெரியும்" என்றாள்.

"சொல்லும்மா" என்றார் அவர்.